"ஏ.சி. உண்டு" என்ற சொல்லுக்கு என்ன விலை?

பாவித்த வாகனம் ஒன்றை விற்க வருபவர் முதலில் சொல்வது "ஏ.சி. உண்டு" என்பதைத்தான். அந்த ஒரு சொல்லுக்காக வாங்குபவர் சில இலட்சங்களைக் கூட்டிக் கொடுக்கிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த பழைய வாகனங்களே திரும்பத் திரும்பக் கைமாறின. தொழிற்சாலையிலிருந்து ஏ.சி.யுடன் வந்தவையும் பின்னர் பொருத்தப்பட்டவையும் இன்று சந்தையில் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.

வாகன உதிரிப்பாகத் தொழிலில் இருப்பதால் என்னிடம் இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. "கல்யாண ஹயருக்கு வைத்திருக்கும் ஒஸ்டின் ஏ-40க்கு ஏ.சி. போடலாமா?" என்பது ஒன்று. "டபள் ஏ.சி. வேன் என்கிறார்கள், கேட்கும் விலையைக் கொடுக்கலாமா?" என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் பழைய சொகுசுக் கார்களைச் சற்றுப் பார்க்க வேண்டும். காருக்குள் குளிரூட்டியை ஒரு மேலதிக வசதியாக, அதாவது ஒப்ஷனாக, முதலில் விற்றவர்கள் அவர்கள்தான்.

அமெரிக்கக் கார்கள் தரும் பாடம்

1940 மாடலில் பெக்கார்ட் நிறுவனம் தன் கார்களுக்கு ஏ.சி.யை ஒப்ஷனாக அறிமுகப்படுத்தியது. விலை 274 டொலர். குளிரூட்டும் பகுதி டிக்கியின் பெரும் பாகத்தைப் பிடித்துக்கொண்டது. கொம்பிரசருக்குக் கிளச் இல்லை. ஏ.சி. வேண்டாம் என்றால் என்ஜினை நிறுத்தி, பொனட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1941 மாடலுக்குப் பின் அந்த ஒப்ஷன் கைவிடப்பட்டது.

யுத்தத்தின் பின் 1953இல் கடிலாக் ஏ.சி.யைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 620 டொலர் மேலதிகம். அப்போதும் குளிரூட்டி டிக்கியில்தான். பின் கண்ணாடியின் இரு பக்கமும் தெளிவான பிளாஸ்டிக் குழாய்கள் மேலே ஏறிக் கூரைக்குக் காற்றைக் கொண்டுபோயின. எது ஏ.சி. கார் என்பதை வெளியே நின்றே சொல்லிவிடலாம். 1954இல் நேஷ் நிறுவனம் முழு அமைப்பையும் பொனட்டுக்குள்ளும் டாஷ்போர்டின் கீழும் அடக்கி 345 டொலருக்குக் கொடுத்தது. இன்று நாம் காணும் ஏ.சி. அந்த வழியில் வந்ததே. 1964இல் கடிலாக், வெப்பநிலையை ஒருமுறை வைத்துவிட்டால் தானே சரிபார்த்துக்கொள்ளும் அமைப்பைத் தந்தது.

தொழிற்சாலை ஏ.சி.யுடன் வந்த காரில் கொம்பிரசர் மட்டும் கூடுதலாக இருக்கவில்லை என்பதே இங்கே நாம் கவனிக்க வேண்டிய விடயம். பொதுவாக அதற்குப் பெரிய ரேடியேட்டர், அதிக காற்றை இழுக்கும் விசிறி, கூடுதல் மின்சாரம் தரும் ஜெனரேட்டர், பாரத்தைத் தாங்கும் முன் ஸ்பிரிங் என்பனவும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. ஏ.சி. இல்லாத அதே மாடலில் இவை இருக்காது. அத்தகைய காருக்குப் பின்னர் கடையில் ஏ.சி. பெட்டியைத் தொங்கவிட்டவர்கள், வெயிலில் நெரிசலில் நின்றபோது என்ஜின் கொதிப்பதைக் கண்டார்கள்.

ஆகவே ஏ.சி. என்பது தனிப் பொருள் அல்ல. அது ஒரு கூட்டம். கூட்டம் முழுமையாக இருந்தால்தான் அதற்கு விலை.

ஏ-40க்கு ஏ.சி. போடலாமா?

இந்தக் கணக்கை யாழ்ப்பாணத்து ஏ-40க்குப் போட்டுப் பார்ப்போம். 1953ஆம் ஆண்டுக் கடிலாக்கின் என்ஜின் 5.4 லீற்றர், 210 குதிரை வலு. ஏ-40 சமர்செட்டின் என்ஜின் 1.2 லீற்றர், ஏறத்தாழ 40 குதிரை வலு. இக்காலத்துச் சிறிய கொம்பிரசர் ஒன்றுகூட இரண்டு மூன்று குதிரை வலுவை எடுத்துக்கொள்ளும். கடிலாக்குக்கு அது தெரியாது. ஏ-40க்கோ அது நான்கு பேரை ஏற்றிய பின் இன்னொரு சுமை.

அடுத்தது மின்சாரம். ஏ-40இன் டைனமோ தருவது 20 அம்பியர் அளவில்தான். மெதுவாக ஓடும்போது அதுவும் கிடைக்காது. ஏ.சி.யின் உள் விசிறி, வெளி விசிறி, கொம்பிரசர் கிளச் மூன்றும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். ஹெட்லைட்டை இன்னும் சேர்க்கவில்லை. எனவே டைனமோவை எடுத்துவிட்டு அல்டனேட்டர் போட வேண்டும். அக்காலப் பிரித்தானியக் கார்களில் பெற்றரியின் நேர்முனைதான் பொடியில் இணைக்கப்பட்டிருக்கும். அதையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் புதிய விசிறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், அல்டனேட்டர் பழுதாகும்.

மூன்றாவது ரேடியேட்டர். எமது குடாநாடு சுண்ணக்கல் பூமி. கிணற்றுத் தண்ணீர் கடினமானது. வருடக்கணக்கில் அதை ஊற்றிய ரேடியேட்டரின் உள்ளே, தேநீர்க் கேத்தலில் படிவது போல, சுண்ணாம்பு படிந்திருக்கும். அதன் முன்னால் ஏ.சி. கொண்டென்சரை வைத்தால் ஏற்கெனவே சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகும். மாப்பிள்ளை ஊர்வலம் நடை வேகத்தில் போகும். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

செய்ய முடியாதது என்று சொல்லவில்லை. செய்தால் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். அந்தச் செலவு எத்தனை ஹயரில் திரும்பும் என்று எழுதிப் பாருங்கள். அதோடு, பழைய காரின் பெறுமதி அதன் பழைய தன்மையில் இருக்கிறது. டாஷ்போர்டை வெட்டித் துளையிட்டால் அந்தப் பெறுமதியும் குறையும். என் ஆலோசனை: ஏ-40ஐ அப்படியே வைத்துக் கடைசி ஒரு மைலுக்கு மட்டும் கொடுங்கள். தூரப் பயணத்துக்கு நல்ல ஏ.சி. வேனைச் சேர்த்து இரண்டையும் ஒரே ஹயராகப் பேசுங்கள். வாடிக்கையாளருக்கும் வசதி, உங்களுக்கும் இரண்டு வருமானம்.

வேன் வாங்குவோர் கவனத்துக்கு

ஜப்பானிலிருந்து ஏலத்தில் எடுத்து வந்த வேன் என்றால் ஏல அறிக்கையைக் கேளுங்கள். வசதிகள் அதில் சுருக்கெழுத்தில் இருக்கும். ஏ.சி. என்றால் சாதாரணமானது. ஏ.ஏ.சி. என்றால் தானியங்கி. டபிள்யூ.ஏ.சி. என்றால் முன்னும் பின்னும் உள்ள இரட்டை ஏ.சி. அறிக்கையில் இரட்டை இல்லாமல் வேனில் மட்டும் இருந்தால், பின் பகுதி பிறகு சேர்க்கப்பட்டிருக்கலாம். தொழிற்சாலை இரட்டை ஏ.சி. அமைப்பு அந்தச் சுமைக்கென்றே கணக்கிடப்பட்டது. ஒற்றைக்கென வந்த கொம்பிரசரில் பின் பகுதியையும் மாட்டினால், வேன் நிற்கும்போது முன்னும் குளிராது, பின்னும் குளிராது.

விலை பேசுமுன் இவற்றைப் பாருங்கள்:

1. நண்பகலில் போங்கள். ஏ.சி.யை முழுமையாகப் போட்டு வாகனத்தை 20 நிமிடம் நின்ற நிலையில் ஓடவிடுங்கள். வெப்பமானி முள் ஏறுகிறதா என்று பாருங்கள்.

2. ஓடும்போது காற்று வரும் வாயில் சிறிய வெப்பமானி ஒன்றை வையுங்கள். 10 பாகையை அண்மித்தால் நல்லது. 15க்குக் கீழே இறங்கவில்லை என்றால் காரணம் கேளுங்கள்.

3. கொம்பிரசரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். தொழிற்சாலையுடையது என்ஜினில் உள்ள துளைகளில் ஒழுங்காகப் பூட்டப்பட்டிருக்கும். வெல்டிங் செய்த தகடும் டேப் சுற்றிய வயரும் வேறு கதை சொல்லும்.

4. வாயு நிரப்பும் வாயைப் பாருங்கள். மரையுள்ளது பழைய ஆர்-12 அமைப்பு. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை ஆர்-134ஏ. 1987ஆம் ஆண்டு மொன்ட்ரியல் உடன்பாட்டின் பின் ஆர்-12 படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1990களின் முற்பாதியில் புதிய கார்கள் மாறிவிட்டன. இரண்டுக்கும் எண்ணெயும் வேறு. எண்ணெயையும் சீல்களையும் கவனிக்காமல் வாயுவை மட்டும் மாற்றியிருந்தால் கொம்பிரசர் அதிக நாள் நிற்காது.

5. கரையோரத்தில் ஓடிய வாகனமானால் கொண்டென்சரைக் கையால் தடவிப் பாருங்கள். உப்புக் காற்றில் அதன் மெல்லிய தகடுகள் பொடிந்து உதிரும்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

"தொழிற்சாலை ஏ.சி.", "பின்னர் பொருத்திய ஏ.சி.", "ஏ.சி. இருக்கிறது, வேலை செய்யவில்லை" இவை மூன்று வேறு பொருட்கள். மூன்றுக்கும் மூன்று விலை. எது என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். யார் பொருத்தினார், எந்த வாயு, எப்போது நிரப்பியது என்பதையும் சேருங்கள். யாழ்ப்பாணம் போன்ற சிறிய சந்தையில் ஒரு வேன் கொதித்து நின்ற செய்தி அன்று மாலைக்குள் எல்லாக் கடைக்கும் போய்விடும். விற்றவர் பெயரும் அதோடு போகும்.

வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி "ஏ.சி. இருக்கிறதா?" என்பதல்ல. "ஏ.சி.யோடு சேர்ந்து வர வேண்டியவை எல்லாம் இருக்கின்றனவா?" என்பதே. அதற்கு நேரான பதில் தருபவரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.