பண்டிகை முடிஞ்சாலும் பலன் தரும் கிறிஸ்துமஸ் மரம்!

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருவிழாவும் முடிஞ்சாச்சு. குடிலைப் பிரித்துப் பெட்டியில் போட்டாச்சு. மிச்சம் இருப்பது அந்த மரம்தான். தொட்டியில் வாங்கிய அராகேரியாவோ, வெட்டி வந்த சவுக்கு, சைப்ரஸ் கிளையோ, எதுவானாலும் நம்ம பெங்களூர் ஒக்கலிபுரம் மாதிரி நெருக்கமான தெருவில் வாசலில் சாய்த்து வைக்காதீங்க. காசு கொடுத்து வாங்கிய மரம், இன்னும் எத்தனையோ வேலை செய்யும்!

1. மரம் நிற்கும்போதே மேலிருந்து கீழாக அலங்காரத்தைக் கழற்றுங்க. அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால், உதிரும் ஜிகினாவை அப்படியே சுருட்டி எடுத்துவிடலாம். ஜிகினா பிளாஸ்டிக், மண்ணில் கலந்தால் மக்கவே மக்காது.

2. சீரியல் செட்டைப் பழைய அட்டைத் துண்டில் சுற்றி, இரு முனையையும் வெட்டுப் பள்ளத்தில் செருகி வைங்க. அடுத்த வருஷம் சிக்கு எடுக்கும் ஒரு மணி நேரம் மிச்சம். பெட்டியில் வைக்கும் முன் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்க. எரியாததை இப்போதே ரிப்பேருக்குக் கொடுத்துவிடலாம்.

3. தொட்டி அராகேரியாவை ஹாலில் இருந்து நேராக மொட்டை மாடி வெயிலில் வைத்தால் இலை கருகிப்போகும். ஒரு வாரம் ஜன்னலோரம், அப்புறம் காலை வெயில் மட்டும், பிறகு வெளியே என்று பழக்குங்க. மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும்.

4. அராகேரியாவின் உச்சிக் குருத்தை மட்டும் கிள்ளிவிடாதீங்க. அது போனால் கோபுர வடிவமே கெட்டுவிடும். பக்கக் கிளையை வெட்டி நட்டாலும் அது நிமிர்ந்து வளராது, பக்கவாட்டிலேயே படரும். அதனால் பதியன் முயற்சியில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

5. அராகேரியாவைத் தரையில் நடுவதாக இருந்தால் இடத்தைப் பார்த்து நடுங்க. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவில் இருந்து வந்த மரம் இது. அங்கே 150 அடிக்கும் மேல் வளரும். கரண்ட் கம்பிக்கு அடியிலும் வீட்டுச் சுவர் ஓரத்திலும் வேண்டாம். கோவில் வளாகத்திலோ பள்ளிக்கூட மைதானத்திலோ இடம் கேட்டுப் பாருங்க.

6. வெட்டிய கிளை என்றால், காய்ந்து சருகாவதற்குள் நறுக்கிவிடுங்க. பச்சையில் கத்தரி சுலபமாக இறங்கும். ஊசி இலை ஒரு சாக்கில், விரல் தடிமன் குச்சி ஒரு கட்டு, நடுத்தண்டு தனி. இப்படிப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

7. சவுக்கு ஊசியைப் பூந்தொட்டி மண் மேல் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்க, செடித் தண்டை ஒட்டாமல். இந்த மூடாக்கு மெதுவாக மக்கும், களையை அடக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். 2024 மார்ச்சில் தோட்டத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றவே தடை வந்த ஊர் நம்முடையது. கோடைக்கு இப்போதே தயாராகிவிடலாம்.

8. ஜனவரி என்றால் பெங்களூரில் அவரைக்காய்க் காலம். உரித்துப் போட்ட தோல் மலையாய்க் குவிந்து, இரண்டே நாளில் நாற்றம் எடுக்கும். கம்போஸ்ட் தொட்டியில் ஒரு அடுக்கு அவரைத் தோல், அதன் மேல் பொடியாக நறுக்கிய காய்ந்த சவுக்கு ஊசி என்று மாற்றி மாற்றிப் போடுங்க. அதிக ஈரத்தை ஊசி இழுத்துக்கொள்ளும், காற்றும் உள்ளே போகும்; தேங்காய் நார்த்தூள் வாங்கும் செலவும் குறையும்.

9. பெரிய தொட்டி நிரப்ப மண்ணும் உரமும் நிறையப் பிடிக்கும். அடியில் கால் பங்குக்குக் குச்சிகளை ஒடித்துப் போட்டு, மேலே மண் கலவை நிரப்புங்க. கலவைச் செலவு மிச்சம், தண்ணீரும் தேங்காது. குச்சி மக்க மக்க மண் இறங்கும். அப்போது கொஞ்சம் கம்போஸ்ட் சேர்த்தால் சரியாகிவிடும்.

10. நடுத்தண்டைத் தக்காளிக்கோ, பாகலுக்கோ ஊன்றுகோலாக நடுங்க. பக்கக் கிளைகளை ஒட்ட வெட்டாமல், இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் கொடி பிடித்து ஏற வசதி. தனியாகக் கம்பு வாங்க வேண்டியதில்லை.

11. சைப்ரஸ் கிளையானால் வாசனையை வீணாக்காதீங்க. நிழலில் காய வைத்து, பழைய காட்டன் துணியில் சிறு முடிச்சாகக் கட்டி பீரோவில் போடுங்க. வாசனை குறைந்தால் முடிச்சைக் கையால் கசக்கிவிட்டால் திரும்பவும் மணக்கும்.

12. சவுக்கு நல்ல விறகு. விரல் தடிமன் குச்சிகளை வெயிலில் காய வைத்தால் பொங்கலுக்குள் அடுப்புக்குத் தயார். நீங்கள் பொங்கல் வைக்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்க. பெயின்ட், ஸ்ப்ரே அடித்த குச்சியை மட்டும் அடுப்பில் வைக்க வேண்டாம்.

13. தெருவில் குவித்துக் கொளுத்தவே கூடாது. காய்ந்த ஊசி குப்பென்று பற்றும், புகை நாலு வீட்டுக்குள் போகும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

14. பெர்லின் மிருகக்காட்சி சாலையில் விற்காமல் மிஞ்சிய கிறிஸ்துமஸ் மரங்களை யானைக்குத் தீனியாகப் போடுவார்கள். அலங்காரம் படாத சுத்தமான மரம் என்பதால்தான் அது சரிப்படுகிறது. நாம் ஜோடித்த கிளையைத் தெரு மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட வேண்டாம்; ஜிகினாவும் கம்பியும் வயிற்றுக்குள் போய்விடும்.

15. இத்தனைக்கும் மிஞ்சியதை ஹசி கசாவோடும் (ஈரக் குப்பை) ஒண கசாவோடும் (உலர் குப்பை) கலக்காதீங்க. கசா வண்டி வரும்போது தோட்டக் கழிவை எந்த நாளில் எடுப்பார்கள் என்று கேட்டு, கைக்கு அடங்கும் கட்டாகக் கட்டிக் கொடுங்க. குத்தும் நுனி உள்பக்கம் இருந்தால் தூக்குகிறவர் கையைக் கிழிக்காது.

16. அடுத்த கிறிஸ்துமஸுக்கு மரம் வாங்குவதானால் வேரோடு தொட்டியில் இருப்பதையே வாங்குங்க. லால்பாக் பக்கத்து நர்சரிகளில் பார்க்கலாம். ஒருமுறை போட்ட காசு, தொட்டியை மட்டும் அவ்வப்போது மாற்றினால் பல வருஷம் வரும். பிள்ளைகளிடமே தண்ணீர் ஊற்றும் பொறுப்பை விடுங்க. டிசம்பரில் ஜோடிக்கும்போது அது அவர்கள் வளர்த்த மரமாக இருக்கும்.