ஊற்றின் மேல் ஒரு வீடு

கேள்வி: பென்சில்வேனியாவில் பழைய பண்ணை ஒன்றைப் பார்த்தேன். சரிவின் அடியில் சின்னதாக ஒரு செங்கல் கட்டடம், உள்ளே தரையில் தண்ணீர் ஓடுகிறது. எதற்காகக் கட்டினார்கள்?
– வாசகி, சேலம்

பதில்: அதுதான் ஊற்று வீடு. ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் அந்தப் பண்ணையின் பாலையும் வெண்ணெயையும் காத்தது. அப்பகுதியில் நிலத்தடி ஊற்று கோடையிலும் ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி செல்சியஸில்தான் சுரக்கும். அந்த நீரைத் தரையில் வெட்டிய வாய்க்காலில் ஓடவிட்டு, அகன்ற மண்சட்டிகளில் பாலை ஊற்றி அதற்குள் வைப்பார்கள். பாலேடு மெல்ல மேலே திரளும். அதை வழித்தெடுத்துக் கடைவார்கள். பெரும்பாலும் பெண்களின் உழைப்பு அது. வெண்ணெய் விற்ற காசு பல குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது.

தடித்த சுவர் வெயிலைத் தடுக்கும்; சிறு திறப்புகள் காற்றை மட்டும் விடும். பெரும்பாலானவை கல்லால் ஆனவை, செங்கல்லில் கட்டியவை குறைவு. பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சும், பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து செங்கல்லை உதிர்க்கும். அதனால் அவற்றைச் சிமெண்டால் பூசுவது பெரும் கேடு. சுண்ணாம்புச் சாந்துதான் ஈரத்தை வெளியேவிடும்.

பால் பண்ணை ஆலைகளும், 1936-இல் வந்த ஊரக மின்மயச் சட்டமும் ஊற்று வீடுகளின் தேவையைக் குறைத்தன. பால்டிமோர் கலை அருங்காட்சியக வளாகத்தில், கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லட்ரோப் கிரேக்கக் கோயில் வடிவில் அமைத்த ஊற்று வீடு இருக்கிறது. அடுத்த பயணத்தில் அவசியம் பாருங்கள்.