தொட்டுணர் மென்பொருள்களின் திறனை மதிப்பிடும் முறை

கணிப்பொறி காட்டும் பொருளைக் கண்ணால் காண்பதோடு நில்லாமல், கையாலும் தொட்டு உணரச் செய்வது தொட்டுணர் மென்பொருளாகும். கையிலுள்ள கருவியின் மோட்டார்கள், மென்பொருள் கணக்கிடும் எதிர்விசையை விரலுக்குத் தருகின்றன. அமெரிக்காவில் மாஸி, சாலிஸ்பரி ஆகிய இருவரும் 1994-இல் விவரித்த ‘ஃபாண்டம்’ இத்தகைய கருவிகளுள் புகழ் பெற்றதாகும்.

பல் மருத்துவ மாணவர்கள் பல்லைக் குடைவதற்கு இத்தகைய கருவிகளில் பயிற்சி பெறுவதுண்டு. கருவி காட்டும் பல் உண்மைப் பல்லினும் மென்மையாக இருப்பின், மாணவரின் கை தவறான அழுத்தத்தைப் பழகிவிடும், துன்புறுபவர் நோயாளியே. ஆதலின் மதிப்பீடு இன்றியமையாதது.

1. வேகம்

நொடிக்கு 24 படங்கள் மாறினால், கண்ணுக்கு அது தொடர்ந்த இயக்கமாகத் தோன்றும். கைக்கு அது போதாது. கடினமான பொருளைத் தொடும் உணர்வைத் தர, விசையை நொடிக்கு ஏறத்தாழ 1,000 முறை கணக்கிடுவது வழக்கம்.

காரணத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம். பொருளின் பரப்பை 1 மி.மீ. அழுத்தினால் எதிர்விசை 1 நியூட்டன் என்றும், விரலின் வேகம் நொடிக்கு 10 செ.மீ. என்றும் கொள்வோம். நொடிக்கு 1,000 கணக்கீடுகள் நிகழுமாயின், இரண்டு கணக்கீடுகளுக்கிடையே விரல் 0.1 மி.மீ. நகரும், விசையில் பிழை 0.1 நியூட்டன். கணக்கீடுகள் 24 மட்டுமாயின், விரல் 4 மி.மீ.க்கு மேல் நகரும். பிழை 4 நியூட்டனைக் கடக்கும். இது 400 கிராம் எடைக்கு மேற்பட்டது. விரல் திரும்பும்போதும் பழைய விசையே அதனைத் தள்ளுவதால், பொருள் கையில் நடுங்கும். நடுக்கத்தைப் போக்க விசையைக் குறைத்தால், பல் மென்மையாகிவிடும்.

2. மிகப் பெரிய தாமதம்

சராசரியை மட்டும் நம்புதல் கூடாது. 1,000 கணக்கீடுகளுள் 999 கணக்கீடுகள் 1 மில்லி நொடியிலும், ஒன்று 20 மில்லி நொடியிலும் முடிந்தால், சராசரி 1.019 மில்லி நொடியே. ஆயினும் அந்த ஒரு தாமதத்தில் விரல் 2 மி.மீ. நகர்ந்துவிடும், கை அதிர்ச்சியை உணரும். எனவே மிகப் பெரிய தாமதத்தையும் குறித்தல் வேண்டும்.

3. மனிதரின் செயல்

அளவுகள் சரியாயிருப்பினும் சோதனை முடிந்துவிடாது. மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எதிர்விசையுடனும், மற்றவர்க்கு அஃதின்றியும் பயிற்சி தருக. பின்னர் இரு பிரிவினரையும் பிளாஸ்டிக் மாதிரிப் பல்லில் வேலை செய்வித்து, எடுத்துக்கொண்ட நேரம், பிழைகள், செலுத்திய உச்ச விசை ஆகியவற்றை ஒப்பிடுக. கருவியில் பெற்ற திறமை கருவிக்கு வெளியிலும் பயன்படுகிறதா என்பதே முடிவான சோதனை.

பயிற்சி: மேற்கண்ட உதாரணத்தில் விரலின் வேகம் நொடிக்கு 20 செ.மீ., கணக்கீடுகள் நொடிக்கு 500 எனில், விசைப் பிழை யாது? (விடை: 0.4 நியூட்டன்.)