ஈரச் சட்டையோடு நூறு மீட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

இறக்குவானைப் பக்கத் தோட்டத்திலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. கூடவே வைத்திருந்த படத்தையும் பார்த்தேன். ஜெர்மன் பிரஜையாகி அங்கே படையில் சேர்ந்திருக்கும் உங்கள் சித்தப்பா மகனின் நெஞ்சில் தங்க நிறத்தில் ஒரு பேட்ஜ். ஓக் இலை வளையம், நடுவில் கழுகு. "இதை நானும் வாங்கலாமா சேர்? இதுக்கு என்னென்ன செய்யணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில், முடியாது. சுற்றி வளைத்துச் சொல்லி உங்களை அலைய வைக்க விருப்பமில்லை. அது ஜெர்மன் இராணுவம் 1980இல் தொடங்கிய திறன் சின்னம். அவர்களுடைய படையினருக்குக் கொடுப்பது. நட்பு நாட்டுப் படையினரும் அவர்களோடு சேர்ந்து பரீட்சை கொடுத்து வாங்கலாம். அமெரிக்கச் சிப்பாய்கள் நிறையப் பேர் தங்கள் சீருடையில் அதைக் குத்தியிருக்கிறார்கள். சாதாரண ஆளுக்கு, அதுவும் இலங்கையில் இருந்துகொண்டு, வழியில்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் இத்தனை பக்கமும். முப்பது வருடம் கேகாலை மாவட்டத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவன் நான். அந்தப் பரீட்சையின் விவரத்தை வாசித்தபோது எனக்கும் கை அரித்தது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஆகஸ்ட் விடுமுறையில் முடிந்தமட்டும் செய்து பார்த்தோம்.

உடல் தகுதிப் பகுதி சுலபம். தரையில் குப்புறப் படுத்திருந்து எழுந்து ஓடி, பத்து மீட்டர் தள்ளி இருக்கும் கம்பத்தைச் சுற்றி வந்து, மறுபடி குப்புறப் படுத்து எழ வேண்டும். இப்படிப் பத்து மீட்டரைப் பதினொரு தடவை 60 நொடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். அடுத்தது கம்பியில் நாடியை மேலே வைத்து ஆகக் குறைந்தது 5 நொடி தொங்குவது. பிறகு 1000 மீட்டரை ஆறரை நிமிடத்துக்குள் ஓடுவது. இவை பாஸ் மார்க்தான். மேலே போகப் போகப் புள்ளி கூடும். லயத்து வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஏறி இறங்கியே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் ஒன்றும் பெரிய பாடு இருக்கவில்லை.

அடுத்தது சுமை நடை. முதுகில் 15 கிலோ. வெண்கலத்துக்கு 6 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் நடக்க வேண்டும். வெள்ளிக்கு 9 கிலோமீட்டர், 90 நிமிடம். தங்கத்துக்கு 12 கிலோமீட்டர், 120 நிமிடம். கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்றிலும் வேகம் ஒன்றுதான், கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். தங்கம் வாங்குகிறவன் வெண்கலக்காரனை விட வேகமாக நடப்பதில்லை, அதே நடையை இரண்டு மடங்கு நேரம் விடாமல் பிடிக்கிறான். இதை வைத்தவன் நன்றாக நடந்து பார்த்தவன் என்று அப்போதே நினைத்தேன்.

சுமைக்கு ஆற்று மணல். ரப்பர் பால் நிறுக்கும் தராசைக் கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சி வாங்கி, சாக்கில் கட்டி, புத்தகப் பைக்குள் திணித்தோம். "எங்க அம்மா இதைவிடக் கூட தூக்குவாங்க" என்று பிள்ளைகளுக்கு ஒரே நக்கல். எனக்கும் உள்ளூர அதே மிதப்பு. ஆறு கிலோமீட்டர் முடியும்போது பதினொரு பேரில் நான்கு பேர்தான் நேரத்துக்குள் வந்தார்கள்.

தோற்றது பலத்தினால் இல்லை. நம் ஆட்கள் சுமக்கும் முறை வேறு. பால் வெட்டுகிறவர் மரத்துக்கு மரம் நின்று நின்று போவார், வாளி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறையும், கனத்ததும் நேரே ஸ்டோருக்கு. கொழுந்துக் கூடையின் பாரம் தலையிலும் கழுத்திலும் இறங்கும், நிறுவைக்கு நிறுவை இறக்கி வைக்கலாம். இங்கேயோ பை முதுகில் குதிக்கிறது, பட்டி தோளை அறுக்கிறது, நிற்கக் கூடாது. கான்வஸ் சப்பாத்து மழையில் நனைந்து குதிக்காலில் கொப்புளம். இரண்டு பையன்கள் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார்கள். நேரத்துக்கு வந்த நான்கு பேரில் ஒருத்தி பெண் பிள்ளை. அவள் வீட்டிலிருந்து அம்மாவின் படங்கை எடுத்து வந்திருந்தாள், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றுவார்களே, அதேதான். பையை முதுகோடு சேர்த்து அந்தப் படங்கை இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிந்திருந்தாள். பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிட்டது, பை அசையவேயில்லை. உலகத்தில் விலை கூடிய மலையேற்றப் பைகளுக்கெல்லாம் இடுப்புப் பட்டி இருப்பது இதற்குத்தான் என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது. முப்பது வருட மாஸ்டர், பாருங்கள்.

தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கணக்கப்பிள்ளை சிரித்தார். "என்ன மாஸ்டர், பிள்ளைகளுக்குப் பேர் போட்டாச்சா, அரைப்பேரா?" கிலோ குறைந்தால் பாதிச் சம்பளம், அதுதான் அரைப்பேர். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அதே தராசில் தாய் நிற்பதற்கும் பிள்ளை நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

துப்பாக்கிப் பகுதியை நாங்கள் தொடவில்லை. கைத்துப்பாக்கியால் ஐந்து முறை சுட வேண்டும், ஐந்தும் பட்டால் தங்கம். நம் மலைகளில் குறிபார்த்துச் சுட்டுப் பழகிய ஒரு படை ஒரு காலத்தில் இருந்தது, தெரியுமா? சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் என்று 1900இல் தொடங்கினார்கள். தோட்டத்துத் துரைமார் படை, வெள்ளைக்காரர் மட்டும். முதலாம் உலகப் போர் தொடங்கிய 1914லேயே எகிப்துக்குக் கப்பல் ஏறியது, பிறகு கலிப்போலியிலும் இருந்தது. 1949இல் கலைத்துவிட்டார்கள். துரை சண்டைக்குப் போன நாளிலும் மலையில் காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுத்தார்கள், பேர் விழுந்தது. நம் பாட்டன்மார் கையில் இருந்தது கவ்வாத்துக் கத்தியும் பால் வெட்டும் கத்தியும்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கொஞ்சம் நெருடியது. 1977, 1981, 1983 என்று இனக்கலவர வருடங்களை அடுக்கினாலே உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 81 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத் தோட்டங்களில் நம் சனம் அடிபட்டு லயங்களை விட்டு ஓடியது. திரும்பி வராமல் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் இராணுவ பேட்ஜ் மேல் ஆசைப்படுகிறான் என்றால் உங்கள் தாத்தா முகம் சுளிப்பார். அவரிடம் சண்டை போடாதீர்கள். பேட்ஜை ஒதுக்கிவிட்டு அதற்குள் இருக்கும் பரீட்சையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

அதுவும் குறிப்பாக ஒரு பரீட்சை. நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

சீருடை போட்டபடியே 100 மீட்டர் நீந்த வேண்டும், 4 நிமிடத்துக்குள். நீந்தி முடித்ததும் கரையைத் தொடாமல், தண்ணீரிலேயே மிதந்துகொண்டு அந்த உடுப்பைக் கழற்ற வேண்டும்.

பதினொரு பிள்ளைகளிடமும் கேட்டேன், யாருக்கு நீந்தத் தெரியும்? ஒருவன் கை தூக்கினான். எங்கே பழகினாய் என்றால், நீர்வீழ்ச்சிக் குட்டையில் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பாய்ந்து போவானாம், நாலு எட்டுத் தூரம். களனி ஆறு கித்துல்கலையில் நம் காலடியில் ஓடுகிறது. 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துப் பாலத்தைக் கட்டிய அதே ஆறு. இன்றைக்கு உல்லாசப் பயணிகள் ரப்பர் படகில் கத்திக்கொண்டு போகிறார்கள். உங்கள் பக்கம் களு கங்கை. ஆறு இல்லாத இடமில்லை, நீந்தத் தெரிந்த ஆளில்லை. "ஆத்துப் பக்கம் போனே, காலை ஒடிச்சுப்புடுவேன்" என்றுதான் எங்கள் அம்மா எங்களை வளர்த்தார். லயத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு விடியற்காலையில் மலைக்குப் போகிற தாய் வேறு எதைச் சொல்ல முடியும்? குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நீந்தத் தெரியாத விளையாட்டு மாஸ்டராகவே இருபது வருடம் ஓட்டியவன் நான்.

நாற்பத்து மூன்று வயதில்தான் பழகினேன். கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போனபோது, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு ஆழமில்லாத பக்கத்தில் விளிம்பைப் பிடித்துக் கால் அடித்தேன். கடைசி நாளில் பயிற்றுநரிடம் கேட்டு, அவர் பக்கத்தில் மிதவையோடு நிற்க, முழுக்கைச் சட்டையும் காற்சட்டையுமாக இறங்கினேன். ஏன் அப்படி ஒரு பரீட்சை வைத்தார்கள் என்பது பத்தாவது மீட்டரிலேயே விளங்கியது. இறங்கியவுடன் சட்டைக்குள் காற்று நின்று முதுகில் பலூன் போல் வீங்கும், நம்மைத் தூக்குகிறது என்று சந்தோஷப்படுவோம். இரண்டு வீச்சில் காற்று போய்விடும். பிறகு கை ஒவ்வொன்றும் ஈரச் சாக்கு. காற்சட்டைப் பைகள் நிறைந்து பின்னால் இழுக்கும். கையை மேலே வீசினால் சட்டை தோளில் பிடிக்கிறது. வீசாமல், தண்ணீருக்குள்ளேயே தவளை மாதிரி விரித்துச் சேர்த்தால்தான் நகர முடிகிறது.

நூறு மீட்டருக்கு எனக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் போனது. பரீட்சைக் கணக்கில் பெயில். கழற்றும் பகுதி இன்னும் மோசம். நனைந்த துணியில் பொத்தான் துளை இறுகிப் போகும். விரல் மரத்திருக்கும். இரண்டு கையாலும் பொத்தானைத் தேடினால் மிதக்க வைப்பது கால் மட்டும்தான், கால் நின்றால் மூக்கு வரை தண்ணீர். சட்டையைத் தலைவழியாக உருவக் கூடாது என்று பயிற்றுநர் முன்பே எச்சரித்தார். முகத்தில் ஈரத்துணி ஒட்டினால் மூச்சு எடுக்க முடியாது. மல்லாந்து மிதந்துகொண்டு முதலில் கைப்பொத்தான், பிறகு மேலிருந்து கீழாக ஒன்றொன்றாக. காற்சட்டை குதிக்காலில் சிக்கியபோது மூன்று முறை முங்கினேன். வெளியே வந்து கரையில் குந்தியபோது கை நடுங்கியது, ஒரு குட்டிப் பெண் எனக்குத் துவாய் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீச்சல் உடுப்போடு யாரும் வெள்ளத்தில் விழுவதில்லை, தம்பி. 2003 மே மாதம் களு கங்கை பெருகி இரத்தினபுரி நகரம் மூழ்கியபோதும், 2017 மே மாதம் மறுபடி வந்தபோதும் சனம் சாரத்தோடும் சேலையோடும்தான் தண்ணீரில் இருந்தது. இரண்டு முறையும் வெள்ளமும் மண்சரிவுமாக நாடு முழுவதும் இருநூறுக்கு மேற்பட்டோர் போனார்கள். இடையில் 2016 மே, அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியப் பக்கத் தோட்டத்தில் லயமும் மண்ணுக்குள் போனது. மண்ணுக்கு நீச்சல் உதவாது, தெரியும். அதற்கு அந்தப் பரீட்சையிலேயே இன்னொரு பகுதி இருக்கிறது, முதலுதவி. இரத்தம் நிறுத்துவது, மயங்கியவரை ஒருக்களித்துக் கிடத்துவது, ஆளைத் தூக்குவது. நோயாளியைக் கம்பளித் தூளியில் போட்டு நாலு பேர் ரோட்டுக்குச் சுமந்து வரும் ஊர் நமது. தூளிக்குள் இருப்பவரின் கழுத்தை எப்படி வைக்க வேண்டும் என்று அந்த நாலு பேரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

இனி, நீங்கள் உண்மையில் வாங்கக் கூடிய பேட்ஜ் பற்றி. கூர்ட் ஹான் என்ற ஜெர்மன் ஆசிரியரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரை எதிர்த்துப் பேசியதற்காக 1933இல் சிறைக்குப் போய், வெளியே வந்து பிரித்தானியாவில் தஞ்சம் புகுந்தவர். அதே 1933இல்தான் நாஜிகளின் எஸ்.ஏ. குண்டர் படையும் தனக்கென்று ஒரு விளையாட்டு பேட்ஜ் உண்டாக்கியது. அதிலும் ஓட்டம், சுமை நடை, சுடுதல் எல்லாம் இருந்தன. ஹான் ஸ்கொட்லாந்தில் தன் பள்ளிக்கூடத்தைத் தொடங்கி 1936இல் மொரே பேட்ஜ் என்று ஒன்றை வைத்தார். உடற்பயிற்சியோடு ஒரு பயணமும் பிறருக்கு உதவும் வேலையும் அதில் சேர்ந்தது. அந்த விதையிலிருந்துதான் 1956இல் எடின்பரோ கோமகன் விருது வந்தது. இளவரசர் பிலிப் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஹானிடம் படித்தவர்.

அந்த விருது இலங்கையிலும் நடக்கிறது. தேசிய இளைஞர் விருது அதிகாரசபையிடம் விசாரியுங்கள். வயது 14க்கு மேல், 25க்குள் முடிக்க வேண்டும். இதற்கும் வெண்கலம், வெள்ளி, தங்கம் உண்டு. சேவை, ஒரு கைத்திறன், உடற்பயிற்சி, ஒரு சாகசப் பயணம் என்று நான்கு பகுதி, தங்கத்துக்கு மட்டும் இன்னொன்று கூடும். துப்பாக்கி கிடையாது. அடுத்தவனை முந்தவும் வேண்டியதில்லை, உங்களுக்கு நீங்கள் வைத்த இலக்கை வாரா வாரம் விடாமல் செய்து கணக்குக் காட்ட வேண்டும். உடற்பயிற்சிப் பகுதிக்கு நீச்சலை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். ஆற்றில் வேண்டவே வேண்டாம். நீச்சல் தடாகம், தெரிந்த பயிற்றுநர், அதுவும் முதலில் சாதாரண உடுப்பில். நகரத்துக்குப் போக பஸ் காசும் நாளும் ஆகும், தெரியும். நாலைந்து பேராகச் சேர்ந்து கேட்டால் கதவு கொஞ்சம் சுலபமாகத் திறக்கும்.

தடாகம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் லயத்துப் பின்னால் கொய்யா மரம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நாடி கொப்புக்கு மேலே நிற்க எத்தனை நொடி தொங்க முடிகிறது என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பொய் எழுதக் கூடாது. எனக்கு இப்போது அறுபத்திரண்டு வயது, நேற்று மூன்று நொடி.

அன்புடன்,
உங்கள் பழைய பி.டி. மாஸ்டர்