வெள்ளிப் பாத்திரம் சொல்லும் சேதி



ராசிபுரம், சேலம் பக்கத்தில் வெள்ளியைப் பற்றி அறியாத வீடு இருக்காது. சேலம் செவ்வாய்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் செய்யும் கொலுசுகள் வெளி மாநிலங்களுக்கும் விற்பனைக்குப் போகின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாட்டி காலத்துக் குங்குமச் சிமிழோ, சந்தனக் கிண்ணமோ, பன்னீர்ச் செம்போ இருக்கலாம்.

வீட்டில் திருமணம் வந்தால், பழைய வெள்ளியைக் கடையில் போட்டுப் புதியது வாங்குவார்கள். கடையில் எடை பார்ப்பார்கள், பிறகு உருக்குவார்கள். அது எப்போது, யாரால் செய்யப்பட்டது என்ற சேதியும் அதோடு உருகிவிடும். அந்தச் சேதி பெரும்பாலும் பாத்திரத்தின் அடியில், ஓர் அரிசியளவு இடத்தில் இருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்வோமா?

முத்திரை ஏன் தோன்றியது?

சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது. எளிதில் வளையும். ஆகவே அதில் சிறிது செம்பு சேர்த்து உறுதியாக்குகிறார்கள். எவ்வளவு செம்பு சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஏமாற்றுவதற்கு இந்த ஓர் இடமே போதும்!

இதைத் தடுக்க இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. சோதனையில் தேறிய வெள்ளியில் சிறுத்தைத் தலை முத்திரை குத்தப்பட்டது. 1363-இல் செய்தவரின் அடையாளமும் கட்டாயமாயிற்று. 1478 முதல் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து சேர்ந்தது. 1544-இல் நடக்கும் சிங்கம் வந்தது. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு அந்தச் சிங்கம் சாட்சி. நங்கூரம் இருந்தால் சோதித்த ஊர் பர்மிங்காம். லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில் இச்சோதனை நடந்ததால், மண்டபத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு 'ஹால்மார்க்' என்ற பெயர் உண்டாயிற்று.

யார் சொல்கிறார்கள்?

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டில் இத்தகைய அரசுச் சோதனை முறை இல்லை. செய்தவரே தம் அடையாளத்தைக் குத்தினார். தெய்வ உருவங்களைப் புடைப்பாக அமைத்த 'சுவாமி' வேலைப்பாட்டு வெள்ளிக்குப் புகழ்பெற்ற சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனமும் தன் பெயரைத்தான் குத்தியது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெள்ளி நகைகளுக்கு ஹால்மார்க் வழங்கத் தொடங்கியது 2005-இல். அதில் முக்கோண முத்திரையுடன் 925, 800 போன்ற எண் இருக்கும்.

ஆகவே, முத்திரையைக் கண்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதை யார் சொல்கிறார்கள்?" என்பதே. சோதித்தவர் சொன்னால் அது சாட்சி. செய்தவர் சொன்னால் அது வாக்குறுதி. இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு எச்சரிக்கை. 'ஈ.பி.என்.எஸ்.' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சிறுசிறு கட்டங்களில் குத்தியிருப்பார்கள். பார்வைக்கு ஹால்மார்க் போலவே தோன்றும். ஆனால் அது செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவையின்மேல் மின்சாரத்தால் பூசிய மெல்லிய வெள்ளி முலாம். 'ஜெர்மன் சில்வர்' என்பதும் இதே கலவைதான். பெயரில் வெள்ளி உண்டு; பொருளில் இல்லை!

நாணயமும் ஆண்டும்

பழைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-இல் இது பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947 ரூபாய் வெறும் நிக்கல். ஆகவே ஆண்டைப் பார்ப்பது அவசியம். ஆனால் ஆண்டும் நம்மை மயக்கலாம். விக்டோரியா ராணியின் '1862' ரூபாய், அதே ஆண்டைத் தாங்கி 1873 வரை அச்சடிக்கப்பட்டது!

நம் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. பெயருடன் 'ஆங்கீரச வருஷம்' என்று இருந்தால் என்ன ஆண்டு? தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும். எனவே அது 1872, 1932, 1992 ஆகியவற்றில் சித்திரையில் தொடங்கிய ஏதேனும் ஓர் ஆண்டு. எது என்பதை முடிவு செய்ய வேறு சான்று வேண்டும். தமிழ் எண்களும் வரலாம். ௧௯௩௨ என்றாலும் ௲௯௱௩௰௨ என்றாலும் 1932-தான்.

செய்து பாருங்கள்

1. தேய்ந்த முத்திரையின்மேல் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாய்ச்சுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். சாம்பல், மணல் போட்டு விளக்காதீர்கள். கறையோடு முத்திரையும் போய்விடும்.

2. பள்ளித் தராசில் பாத்திரத்தை எடை போடுங்கள். பிறகு நூலில் கட்டி, நீரில் முழுதும் மூழ்கச் செய்து மறுபடி எடை பாருங்கள். முதல் எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை வகுப்பில் படித்திருப்பீர்களே!

ஒரு கிண்ணம் காற்றில் 157.5 கிராம், நீரில் 142.3 கிராம் என்று கொள்வோம். குறைந்தது 15.2 கிராம். ஒப்படர்த்தி 10.36. சுத்த வெள்ளிக்கு 10.49; 925 வெள்ளிக்கு ஏறத்தாழ 10.36. ஜெர்மன் சில்வருக்குச் சுமார் 8.6 மட்டுமே.

உள்ளே அரக்கு நிரப்பியவை, கல் பதித்தவை, காற்று தங்கும் மூடிய பொருள்கள் ஆகியவற்றுக்கு இம்முறை பொருந்தாது. கனமான ஈயம் கலந்திருந்தாலும் கணக்கு ஏமாற்றும். அமிலச் சோதனையைப் பொற்கொல்லரிடம் விட்டுவிடுங்கள்.

கல்லில் நிற்கும் கணக்கு

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராஜராஜ சோழன் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களின் எடை, கழஞ்சுக் கணக்கில் கல்வெட்டில் பதிவாகியுள்ளது. எழுதி வைத்ததனால் அல்லவா ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் நாம் அறிகிறோம்!

உங்கள் வீட்டுப் பாத்திரம் கடைக்குப் போவதற்கு முன் அதன் முத்திரை, வெட்டிய பெயர், எடை, ஒப்படர்த்தி நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பாட்டியிடம் அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். அந்த விடையை எந்தத் தராசும் தராது.

சிந்திக்க ஒரு கேள்வி: ஒரு சிமிழில் 'துன்மதி வருஷம்' என்று வெட்டியிருக்கிறது. அதன் மூடியில், செய்யும்போதே பதித்த ஏழாம் எட்வர்டு மன்னரின் 1907-ஆம் ஆண்டு ரூபாய் இருக்கிறது. 1861, 1921, 1981 ஆகிய மூன்றும் துன்மதி ஆண்டுகள். இவற்றில் எதை உறுதியாக நீக்கலாம்? ஏன்?