தீப்புண் வடுவும் பிற்காலத் தொல்லையும்

நெசவாளர் சங்கமொன்றில் கணக்குகளைப் பார்வையிட்டபோது, ஓர் அங்கத்தினர் நூல் பெற்ற அளவு மாதத்திற்கு மாதம் குறைந்து வந்திருப்பதைக் கண்டேன். வினவியதில், காலில் புண்ணாம். குழித்தறியின் மிதியை அழுத்த இயலவில்லையாம். சிறு வயதில் சாயக் கொப்பரை கவிழ்ந்து வெந்துபோன முழங்காலின் பின்புறத்தில், 35 ஆண்டுகட்கு முன் ஆறிய வடுவின் மேலேயே அப்புண் தோன்றியிருந்தது. ஐந்து மாதங்களாகக் களிம்பு பூசி வந்திருக்கிறார்!

சாயமிடுதல், பாவுக்குக் கஞ்சி காய்ச்சுதல், வெல்லம் காய்ச்சுதல் என நெருப்போடு பழகும் தொழில்கள் நம்முடையவை. ஆகையால் வடுவின் இயல்பை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆழமாக வெந்த இடத்தில் மூடும் தோல் பழைய தோலன்று. அதில் வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் பெரும்பாலும் இரா. எனவே அது வறண்டு, அரிப்பெடுத்து, எளிதில் வெடிக்கும். மூட்டின் மீதிருப்பின் ஒவ்வோர் அசைவிலும் இழுபடும். கிழிவதும் ஆறுவதுமாகப் பல்லாண்டுகள் கழிந்தபின், சிலருக்கு அவ்விடத்தில் புற்றுநோய் உண்டாகிறது. வடுவில் எழும் புண்களைப் பற்றி 1828-இல் எழுதிய பிரெஞ்சு அறுவை வைத்தியர் மார்ஜோலின் பெயரால் இது வழங்குகிறது. அவர் அதைப் புற்றுநோயென்று உணரவில்லை, பின்வந்தோரே உணர்ந்தனர். காஷ்மீரத்தில் குளிருக்காகக் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொள்வோரின் வயிற்றிலும் தொடையிலும் இதற்கு ஒப்பான புற்று காணப்படுகிறது.

வடுவுடையோர் அனைவரும் அஞ்ச வேண்டியதில்லை. நூற்றுக்கு ஓரிரண்டு வடுக்களே இவ்வாறு மாறுகின்றன. ஆனால் வடுவிலுள்ள புண் ஒரு மாதத்தில் ஆறாவிடினும், அதன் விளிம்பு தடித்துப் புரண்டாலும், துர்நாற்றமோ இரத்தக் கசிவோ கண்டாலும், தொடையிடுக்கிலோ அக்குளிலோ கட்டி தென்பட்டாலும் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்க. புண்ணின் பல இடங்களிலிருந்து சிறிது சதையெடுத்துச் சோதிப்பார்கள். பச்சிலை கட்டிப் பார்க்கலாமென்பது நாளைக் கடத்தும் வழி. அந்நாட்களில் நோய் நிணக் கட்டிகளுக்குப் பரவக்கூடும்.

நாள்தோறும் குளித்தபின் வடுவில் தேங்காயெண்ணெய் தடவி, வெயில் படாமல் துணியால் மூடுதல் நன்று. புதிதாகத் தீப்பட்டவர்க்கு ஆழ்ந்த புண் தானே ஆறட்டும் என்று விடாமல், வைத்தியர் கூறின் காலத்தே தோல் ஒட்டு சிகிச்சைக்கு இசைய வேண்டும். பிற்காலத் தொல்லை பெரும்பாலும் அவ்வாறு விட்ட புண்களிலேயே வருகிறது.

மேற்சொன்ன அங்கத்தினருக்கும் சோதனையில் புற்றுநோயென்றே தெரிந்தது. புண்ணைச் சுற்றிலும் அகலமாக அகற்றி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினர். கால் தப்பியது. மிதியில் இன்னும் கால் வைக்கவில்லை. வீட்டில் தார் சுற்றுகிறார். தவறாது பரிசோதனைக்கு வருமாறு வைத்தியர் கூறியிருக்கிறார்.