எல்லை வாயிலில் ஒரு சிறுநகர்: மோரேயின் மாறும் மக்கள்

மணிப்பூர்த் தலைநகரான இம்பாலிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், மலைச்சாலை இறங்கிச் சமநிலத்தைத் தொடும் இடத்தில், மோரே என்னும் சிறுநகர் அமைந்துள்ளது. அதற்கப்பால் மியான்மர், சில கிலோமீட்டர் சென்றால் அந்நாட்டின் தாமு நகரம். 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்படி மோரேயில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 17,000 பேர். தமிழ்நாட்டில் ஒரு பேரூராட்சியின் மக்கட்தொகைதான் இது. ஆயினும் குக்கி, மெய்தி, நாகா, தமிழர், நேபாளியர், பஞ்சாபியர், மார்வாரிகள், பீகாரிகள், பங்கல் எனப்படும் மணிப்பூரி முஸ்லிம்கள் ஆகிய அனைவரும் ஒரே கடைத்தெருவில் வாணிகம் செய்த ஊர் இது.

ஓர் ஊரின் மக்கட்தொகை பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி ஆகிய மூன்றினால் மாறுகிறது. முதலிரண்டும் மெல்ல நிகழ்வன. ஒரு தலைமுறைக்குள் ஊரின் முகத்தையே மாற்றிவிட அவற்றால் இயலாது. மோரேயின் இன அமைப்போ கடந்த அறுபது ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் காரணம் இடப்பெயர்ச்சியே. அந்த இடப்பெயர்ச்சியிலும் பெரும்பகுதி மக்கள் விரும்பி மேற்கொண்டதன்று. இரங்கூனிலும் தில்லியிலும் இம்பாலிலும் எடுக்கப்பட்ட முடிவுகளும், மலைகளில் மூண்ட பூசல்களும் அவர்களை அங்கே கொண்டுவந்தன. அங்கிருந்து வெளியேற்றவும் செய்தன.

பர்மாவிலிருந்து வந்தோர்

1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்த இந்தியர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் அவர்களே. ஐராவதி ஆற்றுப் படுகையில் கடன் கொடுத்து நெற்பயிர் விரிவுக்கு முதலீடு அளித்த நகரத்தார் முதல், துறைமுகத்தில் மூட்டை சுமந்த கூலித் தொழிலாளர் வரை தமிழர் பல நிலைகளில் இருந்தனர். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாக இந்தியாவை நோக்கிப் புறப்பட்டனர். தாமு வழியாக மணிப்பூருக்குள் வரும் பாதை அவர்கள் நடந்த பாதைகளுள் ஒன்று. பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். அவர்களுக்கு மோரே கடந்து செல்லும் வழியாகவே இருந்தது.

அதை வாழும் ஊராக்கியது இருபது ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்த மாற்றம். 1962 மார்ச் மாதத்தில் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. வாணிகத்தையே நம்பியிருந்த இந்தியர் ஒரு சில வாரங்களில் கையில் ஒன்றுமின்றி நின்றனர். 1960களின் இறுதிக்குள் ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் இந்தியா திரும்பினர். அவர்களில் பெரும்பாலோர் கப்பல் வழியாகச் சென்னை வந்து சேர்ந்த தமிழர். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜாரும், அங்கு விற்கப்படும் அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவும் அக்கால நினைவுகள்.

தாயகம் திரும்புதல் என்ற சொல் இங்குச் சற்று மயக்கம் தருவதாகும். வந்தோருள் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். தமிழ்நாடு அவர்களுடைய பெற்றோரின் நாடு. முகாம் வாழ்வும் அறிமுகமில்லாத தொழில்களும் ஒத்துவராத நிலையில், சிலர் தரைவழியாகவே மீண்டும் பர்மாவுக்குச் செல்ல எண்ணி வடகிழக்கு நோக்கிப் பயணப்பட்டனர். எல்லையில் தடுக்கப்பட்டனர். பின்னே திரும்பவும் மனமின்றி, முன்னே செல்லவும் வழியின்றி நின்ற அவர்கள் மோரேயிலேயே குடிசை அமைத்துத் தங்கினர் என்பது அவ்வூர்த் தமிழர் கூறும் வரலாறு. இவர்களைப் போலவே பர்மாவிலிருந்து வந்த பஞ்சாபியரும் நேபாளியரும் அங்குத் தங்கினர்.

ஆனால் பர்மிய இராணுவ ஆட்சி வெளியேற்றியது இந்தியரை மட்டுமன்று. 1967இல் எல்லையை அடுத்த கபோ பள்ளத்தாக்கிலிருந்து குக்கி மக்கள் பலரும் துரத்தப்பட்டு மணிப்பூருக்குள் வந்தனர். மோரேயைச் சுற்றிய மலைக் கிராமங்கள் முன்பே குக்கிகளும் நாகா இனத்தின் மாரிங் பிரிவினரும் வாழ்ந்த இடங்களாதலால், வந்த குக்கிகளுக்கு உறவினர் இருந்தனர், தமிழருக்கு இல்லை. ஒரே ஆட்சியால் ஏறத்தாழ ஒரே காலத்தில் துரத்தப்பட்ட இவ்விரு மக்களும் பின்னர் ஒரே ஊரில் வந்தேறி என்றும் மண்ணின் மைந்தர் என்றும் பிரித்தறியப்பட்டது காலத்தின் விந்தை எனலாம்.

தொழிலும் நிலமும்

மோரேயில் வேளாண்மை சிறிது. ஆலை ஏதும் இல்லை. ஊரின் வாழ்வு வாணிகமே. 1968இல் எல்லையோர மக்கள் இருபுறமும் 40 கிலோமீட்டர் வரை சென்றுவர இசைவளிக்கப்பட்டது. தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் பண்டங்கள் கைமாறின. பாக்கு, பருப்பு, தேக்கு ஆகியன வந்தன. துணியும் மருந்தும் இந்தியச் சில்லறைப் பொருள்களும் சென்றன. பின்னாளில் சீன, தாய்லாந்துப் பண்டங்கள் குவிந்தன.

இவ்வாணிகத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் இடம் இருந்தது. பர்மிய மொழியும் பர்மிய வணிகரின் நம்பிக்கையும் தமிழருக்கு முதலாயின; எல்லைக்கு அப்பாலுள்ள வணிகருக்கும் இம்பால் வணிகருக்கும் இடையே தரகு பேச அவர்களைவிட ஏற்றவர் அரிது. மார்வாரிகளும் பஞ்சாபியரும் பெரும்பாலும் மொத்த வாணிகத்தில் நின்றனர். மெய்தி வணிகர் இம்பால் சந்தையை இணைத்தனர். நிலம் குக்கிகளிடம் இருந்தது. தமிழ்க் குழந்தை ஒன்று வீட்டில் தமிழும், கடைத்தெருவில் மெய்தியும் பர்மிய மொழியும், விளையாடுமிடத்தில் தாடோ குக்கி மொழியும் பேசி வளர்வது அங்கு வியப்புக்குரியதன்று. தமிழ்ச் சங்கம் தோன்றியது. அங்காள பரமேசுவரிக்கும் முனீசுவரருக்கும் கோயில் எழுந்தது. உச்சநிலையில் தமிழர் எண்ணிக்கை பதினாயிரத்தைத் தாண்டியிருந்ததென ஊரார் கூறுவர்.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். மணிப்பூரின் மலைப்பகுதிகளில் பழங்குடியினர் நிலத்தைப் பிறர் பெறுவதற்குச் சட்டம் கடுமையான வரம்பு விதித்துள்ளது. பழங்குடியினரின் உடைமையைக் காக்கும் அச்சட்டத்தின் தேவை ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அதன் மறுபக்கமாக, வாணிகத்தால் வளர்ந்த இனங்கள் பல தலைமுறையாக வாழ்ந்தும் நிலத்தில் வேரின்றியே இருந்தன. நிலமுடையோர் ஒருபுறமும் வாணிகமுடையோர் மறுபுறமுமாக அமைந்த ஊரில் அமைதி நிலவும் வரை இரு தரப்பும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும். அமைதி குலைந்தாலோ, முதலில் வெளியேறுவோர் நிலமற்றோரே.

மூடிய வாயில்கள்

1992இல் மணிப்பூர் மலைகளில் நாகா, குக்கி இனங்களுக்கிடையே மூண்ட பூசல் மோரேயையும் தாக்கியது; நாகர் ஊரைவிட்டு அகன்றனர். 1995இல் குக்கிகளுக்கும் தமிழருக்கும் இடையே மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல மீண்டும் மூட்டை கட்டின. பிற்காலத்தில் அங்கிருந்த தமிழர் ஏறத்தாழ மூவாயிரவர் எனப்படுகிறது. அதே 1995ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்றுதான் இந்திய-மியான்மர் எல்லை வாணிகம் மோரேயில் முறையாகத் தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. வாணிகம் சட்டத்தின் ஏற்பைப் பெற்ற ஆண்டிலேயே அதை வளர்த்தோரில் ஒரு பகுதியினர் வெளியேறினர்.

அதன் பின் வந்த வசதிகள் பல. 2001இல் தாமு முதல் கலேம்யோ வரை இந்தியா அமைத்துக் கொடுத்த நட்புறவுச் சாலை திறக்கப்பட்டது. 2015 டிசம்பரில் பண்டமாற்று முறை நீங்கி வங்கி வழி வாணிகம் நடைமுறைக்கு வந்தது. 2018 ஆகஸ்டில் கடவுச்சீட்டும் விசாவும் கொண்டோர் கடந்து செல்ல வாயில் திறக்கப்பட்டது. 2019 சனவரியில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி தொடங்கிவைக்கப்பட்டது. திட்டமிடுவோர் நோக்கில் இவை யாவும் முன்னேற்றமே. எனினும் வங்கி ஆவணங்களால் நடைபெறும் வாணிகத்தில், வாய்ச்சொல்லாலும் முகப்பழக்கத்தாலும் பிழைத்த சிறு தரகருக்கு இடம் குறுகியது என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

2020 மார்ச்சில் கொள்ளைநோய்க் காலத்தில் வாயில் அடைக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் மீண்டும் இராணுவ ஆட்சி ஏற்பட்டு அகதிகள் எல்லையைக் கடந்தனர். 2023 மே 3 அன்று மணிப்பூரில் வெடித்த வன்முறையில் மோரேயின் மெய்தி மக்கள் ஏறத்தாழ அனைவரும் ஊரை விட்டகன்றனர். இம்பாலில் வாழ்ந்த குக்கிகள் அங்கிருந்து அகன்றது போலவே. வீடுகளும் கடைகளும் எரிந்தன. பூசலில் பங்கில்லாத தமிழரின் வீடுகள் சிலவும் தப்பவில்லை. எல்லையோர மக்கள் தடையின்றிச் சென்றுவரும் தொலைவு 2004இல் 16 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டிருந்தது. 2024 பிப்ரவரியில் அவ்வசதியே நீக்கப்படும் என அறிவிக்கப்பட்டுப் பின்னர் அவ்வாண்டு டிசம்பரில் 10 கிலோமீட்டர் வரம்புடன் அனுமதிச்சீட்டு முறை வந்தது.

யார் உள்ளூரார் என்பதும் இதற்கிடையே சட்டப் பொருளாயிற்று. 2020 சனவரி முதல் மணிப்பூரில் உள்நுழைவு அனுமதி முறை நடைமுறைக்கு வந்தது. அதன் பொருட்டு 1961ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொள்ள மாநில அமைச்சரவை 2022இல் முடிவு செய்தது. மோரேத் தமிழர் வந்தது 1960களின் நடுவில். கபோ பள்ளத்தாக்குக் குக்கிகள் வந்தது 1967இல்.

இத்தனை மாற்றங்களையும் புள்ளிவிவரங்களில் தேடுவோருக்குக் கிடைப்பது சொற்பம். மக்கட்தொகைக் கணக்கெடுப்பு தாய்மொழியையும் சமயத்தையும் பட்டியல் வகுப்பு, பழங்குடி விவரங்களையும் குறிக்கும். இனம் என ஒன்றைக் குறிப்பதில்லை. 2011இல் இடம்பெயர்ந்தோரிடம் கேட்கப்பட்ட காரணங்கள்: வேலை, வாணிகம், கல்வி, திருமணம், பிறந்தபின் இடம்பெயர்தல், குடும்பத்துடன் பெயர்தல், பிற. ஆட்சி மாற்றத்தால் பர்மாவிலிருந்து வந்தோரும், பூசலால் ஊரைவிட்டுச் சென்றோரும் இடம்பெறுவது ஏழாவதான ‘பிற’ என்னும் கட்டத்தில்.